மாசியில் பெய்யாத மழை

எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஓர் அலுமினியத் தூக்குப் பாத்திரம் இருக்கிறது. மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. கைப்பிடியின் ஒரு காது ஒடிந்து, கம்பியால் கட்டியிருக்கிறது. உட்புறத்தில், அடியிலிருந்து இரண்டு விரற்கடைக்குச் சற்று மேலே, ஆணியால் அழுத்தி இழுத்த ஒரு கீறல். என் மனைவி அந்தப் பாத்திரத்தைத் தன் அப்பாவின் ஞாபகமாக வைத்துக்கொண்டு, அதில் காக்கைக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். கீறலைப் பற்றிக் கேட்டால், சின்ன வயதில் அண்ணன் செய்த விஷமம் என்பாள். அது விஷமம் இல்லை. அது ஒரு மழையளவு. அரசாங்கத்தின் எந்த ஏட்டிலும் இல்லாத மழை. அதை ஏட்டில் ஏறவிடாமல் செய்தவன் நான்.

பிப்ரவரி கடைசியை நான் நம்புவதில்லை. விடியற்காலையில் போர்வை வேண்டியிருக்கிறது. பதினோரு மணிக்கு மின்விசிறி வேண்டியிருக்கிறது. எங்கள் வேங்கிக்கால் தெருமுனையில் நிற்கும் வேம்பு, இலையெல்லாம் கொட்டிவிட்டு ஒரே வாரத்தில் செம்பு நிறத்தில் துளிர்த்துவிடும். குயில் எங்கிருந்தோ வந்து, விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பதில் வராதவனைப் போலக் கத்திக்கொண்டே இருக்கும். பனி போய்விட்டது, வெயில் வந்துவிட்டது என்று எல்லோரும் முடிவு செய்து, கம்பளியை மடித்துப் பெட்டியில் வைப்பார்கள். அப்புறம் ஒரு சாயங்காலம் மலையைப் பார்த்தால் மலை இருக்காது. இந்த ஊரில் வானிலை அறிக்கை அவ்வளவுதான். மலை தெரிந்தால் ஒன்றுமில்லை. மலை மறைந்தால் துணியை எடுக்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் நான் இளநிலை எழுத்தன். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. எனக்குக் கொடுக்கப்பட்ட பிரிவுகளில் மழைப் பதிவேடும் ஒன்று. வளாகத்தின் மூலையில், முள்கம்பி வேலிக்குள், மழைமானி இருந்தது. மேலே ஒரு புனல், உள்ளே ஒரு குடுவை, அவ்வளவுதான் கருவி. தினமும் காலை எட்டரை மணிக்குக் குடுவையை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். மாதக் கடைசியில் அதிகாரி கையெழுத்திட்ட அறிக்கை வேலூருக்குப் போக வேண்டும். அன்றைக்கு எங்களுக்கு மாவட்டத் தலைநகர் வேலூர்தான். விதி தெளிவாக இருந்தது. நடைமுறை அதைவிடத் தெளிவாக இருந்தது. ஜனவரி முடிந்து மே வரும்வரை மழை பெய்யாது என்பதால், மாதத்தின் முதல் தேதியிலேயே கடைசித் தேதி வரைக்கும் பூஜ்யம் போட்டுவிடுவது வழக்கம். எனக்கு முன்னால் இருந்த எழுத்தர் பொறுப்பை ஒப்படைக்கும்போது பேனா, மசிப்புட்டி, பூட்டு, சாவி, இந்த வழக்கம் ஆகியவற்றையும் சேர்த்தே ஒப்படைத்தார். பக்கத்தை நீளவாக்கில் பார்த்தால் முத்துமாலை கோத்ததுபோல இருக்கும். என் பூஜ்யங்கள் அழகானவை என்று பெயர் வாங்கியிருந்தேன்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் எங்கள் அதிகாரிக்கு மகள் கல்யாணம். நீண்ட விடுப்பில் போகிறவர், மாதக் கடைசி அறிக்கைகளை எல்லாம் முன்கூட்டியே கையெழுத்துக்கு வைக்கச் சொன்னார். வைத்தேன். மழைப் பதிவேட்டின் பக்கத்தில், இன்னும் பிறக்காத பத்து நாட்களின் பூஜ்யங்களுக்குக் கீழே, அவர் பச்சை மையில் கையெழுத்திட்டார். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திடுவார் என்று அவரைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். மாமனாருக்கு அப்போது ஐம்பத்தைந்து இருக்கலாம். கிணற்றுப் பாசனத்தில் கார்த்திகைப் பட்டத்துக் கடலை போட்டிருந்தார். நான் கழுத்தில் மப்ளரோடு போய் இறங்கியதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா மாப்ள, ஊட்டிக்குப் போற வழில எறங்கிட்டீங்களா? அவுத்துப் போடுங்க அத. பனி போயி ஒரு வாரம் ஆவுது. வேம்பு சொல்லிடுச்சி, மாமரம் சொல்லிடுச்சி. உங்க ஆபீசுக்கு இன்னும் ஆர்டர் வரலியா?"

கொல்லையில் இருந்த மாமரம் முழுக்கப் பூத்திருந்தது. கீழே நின்றால் தேனீக்களின் சத்தம் தறி ஓடுவதுபோலக் கேட்டது. வேலியோரம் முள்முருங்கை இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நின்றது. அவர் வயலுக்குப் போய் ஒரு செடியைப் பிடுங்கி, காயை உடைத்து, ஓட்டின் உட்புறம் கறுத்திருப்பதைக் காட்டினார். முற்றிவிட்டது, பிடுங்க வேண்டும், பிடுங்கி நாலைந்து நாள் வயலிலேயே காயவிட வேண்டும். மேகம் மட்டும் வரக்கூடாது. அக்கம்பக்கத்தில் ஒரு பத்துக் குடும்பம் அவர் எப்போது பிடுங்குகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வானம் பார்ப்பதில் கெட்டிக்காரர் என்று அங்கே பேச்சு. அதில் அவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

அப்போதுதான் நான் அந்த நகைச்சுவையைச் சொன்னேன். "தைரியமா புடுங்குங்க மாமா. மாசக் கடைசி வரைக்கும் நான் பூஜ்யம் எழுதிட்டேன். அதிகாரி கையெழுத்தும் போட்டாச்சு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் தோளில் தட்டி, வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற ஆளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கேட்டியாடா, கவர்மெண்டே சொல்லிடுச்சி. மழை கெடையாது. வியாழக்கெழமை புடுங்கிடலாம்."

வேம்பைப் பார்த்து அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார் என்று நான் பல ஆண்டுகளாக எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பெரும்பாலும் உண்மை. என் பூஜ்யம் வேம்புக்கு ஒரு சான்றொப்பம், அவ்வளவுதான். ஆனால் சான்றொப்பம் இல்லாமல் எத்தனை காரியங்கள் நின்றுபோகின்றன என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

வியாழனும் வெள்ளியும் பிடுங்கினார்கள். ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு நான் கோயிலுக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்துகள் மங்கின. வாசலுக்கு வந்தால் மலை இல்லை. முதலில் புழுதி வாசனை, பிறகு காற்று, பிறகு ஐப்பசியில் பெய்ய வேண்டிய ஒரு மழை, நான்கு மாதம் தாமதமாக வந்து மொத்தமாகக் கொட்டியது. ஒன்றரை மணி நேரம். தெருவில் வேப்பங்கொழுந்துகளும் மாம்பூக்களும் சேர்ந்து ஓடின. என் மனைவி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா கடலையப் புடுங்கிப் போட்டிருப்பாரே" என்று ஒருமுறை சொன்னாள்.

திங்கள் காலை எட்டரைக்கு முன்பே நான் மழைமானிக்கு முன்னால் நின்றேன். வளாகத்தில் ஒருவரும் இல்லை. குடுவையைத் தூக்கினேன், கனமாக இருந்தது. இங்கே நடைமுறையைச் சொல்லியாக வேண்டும். தவறான பதிவைச் சிவப்பு மையில் ஒற்றைக் கோடாக அடித்து, சரியான அளவை மேலே எழுதி, அதிகாரி சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். மிக எளிது. ஆனால் அதிகாரி அதில் சுருக்கொப்பம் இட்டால், வராத தேதிக்குக் கையெழுத்திட்டதை ஒப்புக்கொண்டவர் ஆகிறார். மாத அறிக்கையோ சனிக்கிழமையே தபாலில் போய்விட்டது. திருத்திய அறிக்கை அனுப்பினால், மாதம் முடியுமுன் முந்தையதை எப்படி அனுப்பினீர்கள் என்று வேலூர் விளக்கம் கேட்கும். விளக்கத்துக்குப் பின்னால் 17(பி) விதியின் கீழ் ஒழுங்கு நடவடிக்கை வரும். எனக்குத் தகுதிகாண் பருவம் முடிய நான்கு மாதம் இருந்தது. இவ்வளவையும் நான் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தேன். பிறகு கண்ணாடிக் குவளையில் ஊற்றாமல், நேராகக் குரோட்டன்ஸ் செடியின் அடியில் ஊற்றிவிட்டேன். அளக்கவில்லை. அளந்தால் எண் தெரிந்துவிடும். தெரிந்த எண்ணை மறைப்பது குற்றம். தெரியாததை எழுதாமல் விடுவது வெறும் அசட்டை. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது மிகப் பெரிதாகப் பட்டது.

பதினோரு மணிக்கு மாமனார் வந்தார். வேட்டியெல்லாம் சேறு. கையில் இந்தத் தூக்கு, மூடி போட்டு, மேலே துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது. நான் எழுந்திருக்கப் போனேன். அவர் என்னைப் பார்க்காததுபோல நேராகத் தலைமை எழுத்தரின் மேசைக்குப் போய்க் கும்பிட்டார். கடலை வயலில் கிடந்து நனைந்துவிட்டது, இரண்டு நாளில் முளைவிட்டுவிடும், பத்துக் குடும்பத்துக்கும் ஆடிப் பட்டத்துக்கு விதை இல்லை, மழையால் சேதம் என்று ஒரு சான்று கொடுத்தால் வேளாண்மை டெப்போவில் விதைக்கடலை தருகிறார்களாம் என்று சொன்னார். தலைமை எழுத்தர் மோசமான மனிதர் அல்ல. தேங்கிய தண்ணீரைத் தாண்டுவதற்காக அன்று காலை மடித்த பேண்ட்டை அவர் இன்னும் இறக்கிவிடவில்லை. என்னிடம் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"நேத்து மழை இல்லையே பெரியவரே."

"இல்லியா?" என்றார் மாமனார். துண்டை அவிழ்த்து, மூடியைத் திறந்து, தூக்கை மேசைமேல் வைத்தார். "சோத்தத் தின்னுட்டு வரப்புல தெறந்தபடி வெச்சிட்டு ஓடினேன். மழை விட்டு வந்து பாத்தா இந்த மட்டம். வழில தளும்பினாலும் அளவு மாறக்கூடாதுன்னு ஆணியால கீறிட்டேன். பஸ்ல சீட்டு கெடைக்கல, நின்னுகினே எடுத்தாந்தேன்."

பக்கத்து மேசைக்காரர், "கீழ இருக்கற ஓட்டல்ல புடிச்சிருப்பாரு" என்றார்.

"ஓட்டல் தண்ணில கடலை எல மொதக்குமா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். மிதந்த இலையைப் பார்த்தவாறே நானும் சிரித்தேன். தலைமை எழுத்தர் சிரிப்பு அடங்கியதும் பொறுமையாக விளக்கினார்: "நீங்க எடுத்தாந்தது தண்ணி, பெரியவரே. மழைன்னா அது ரெஜிஸ்டர்ல இருக்கணும்."

அப்போதுதான் மாமனார் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார், படிச்சவரு. இந்தத் தூக்கு மேலயும் கீழயும் ஒரே அகலம். இதுல ரெண்டு வெரக்கடைக்கு மேல நின்னா, நெலத்துலயும் அவ்ளோதானே பெஞ்சிருக்கும்? ஜாஸ்தியும் கெடையாது, கம்மியும் கெடையாது. நாயந்தானே?"

நியாயம்தான். நேரான சுவருள்ள எந்தப் பாத்திரமும் மழைமானிதான். வாய் எவ்வளவு அகலமாக இருந்தாலும் உயரம் மாறாது. எனக்குக் கொடுத்த கையேட்டில் முதல் பக்கத்தில் இருந்த விஷயம் அது. நான் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னேன்: "ரெஜிஸ்டர்ல இல்லைங்க."

அந்தப் பூஜ்யம் எப்போது எழுதப்பட்டது என்று அந்த அறையில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர், போன ஞாயிற்றுக்கிழமை மாமரத்தடியில் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவர். ஒரு வாக்கியம் போதும். 'மாப்ள, நீங்கதானே முன்னாடியே எழுதி வெச்சதா சொன்னீங்க' என்றால் பத்துக் குடும்பத்துக்கு விதை கிடைத்திருக்கும், என் வேலை போயிருக்கும். அவர் தூக்கை மூடினார். துண்டைக் கட்டினார். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். தாழ்வாரத்தின் கோடியில், தண்ணீரைக் கீழே கொட்டாமல், அதே எச்சரிக்கையோடு பிடித்துக்கொண்டு படி இறங்குவதைப் பார்த்தேன்.

அவர் பின்னாலேயே எழுத்துமூலமாக ஒரு மனு வந்தது. பத்துப் பேர் கைநாட்டும் கையெழுத்துமாக. பதில் வரைவு என் பிரிவுக்குரியது. பார்வையில் காணும் மனுவில் குறிப்பிட்ட நாளில் இவ்வலுவலகப் பதிவேட்டின்படி மழைப்பொழிவு ஏதும் இல்லாமையால் கோரிக்கை ஏற்பதற்கில்லை எனத் தெரிவிக்கலாகிறது. நான் எழுதிய வரைவுகளில் ஒரு திருத்தமும் இல்லாமல் ஒப்புதலான முதல் வரைவு அது.

சித்திரையில் அழைப்பு வந்து போனோம். மாட்டுக்கொட்டகையின் ஓரம் கறுத்த கடலைக் குவியல் கிடந்தது. வெள்ளை முளைகள் காய்ந்து பழுப்பாகி, பூசணம் பிடித்து, மாடுகூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மாமனார் வாசலில் நின்றிருந்தார். "வாங்க சார்" என்றார். என் மனைவி வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். மாமியார்கூடச் சிரித்தார். நான் காத்திருந்தேன். அன்று முழுவதும் "மாப்ள" வரவில்லை. "சார், கை கழுவுங்க." "சாருக்கு இன்னொரு வடை வையி." குரலில் கோபம் துளியும் இல்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அந்த ஆடியில் அவருடைய மானாவாரி நிலம் பாதி தரிசாகக் கிடந்தது. வேலிக்கு அந்தப்பக்கத்து ஆள் அவரிடம் பேசுவதை நிறுத்தியிருந்தான். "வேப்பங்கொழுந்தப் பாத்துக் குடியக் கெடுத்த ஆளு" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்களாம். கவர்மெண்டே சொல்லிவிட்டது என்று அன்று கூவியவர், கவர்மெண்ட் யார் என்று அவர்களிடம் ஒருபோதும் சொல்லவில்லை. பழியை வேம்போடு நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் வானம் பார்ப்பதை விட்டுவிட்டார். யாராவது மழை வருமா என்று கேட்டால், "எனக்கின்னா தெரியும், ஆபீசுல போயி கேளு" என்பார். நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது மேகம் திரண்டால், என்னைப் பார்த்து, "சார், இது பெய்யுமா, இல்ல ஏற்கெனவே எழுதியாச்சா?" என்பார். நான் சிரிப்பேன். பத்து ஆண்டுகள் சிரித்தேன். தகுதிகாண் பருவம் நல்லபடியாக முடிந்தது, உதவியாளர் ஆனேன், தலைமை எழுத்தரின் நாற்காலிக்கும் வந்தேன். ஒரு நாள்கூட "மாமா, நான் குடுவையைக் கொட்டிவிட்டேன்" என்று சொல்லவில்லை. பதிவேட்டை மீற முடியாமல் போன ஒருவன் என்றே அவர் என்னை நினைத்திருந்தார். நான் மழையையே கொட்டியவன் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சார் என்ற மரியாதைகூடக் கிடைத்திருக்காது.

எண்பதுகளின் கடைசியில், வேலூரிலிருந்து பிரிந்து நமக்குத் தனி மாவட்டம் வரப்போகிறது என்று அலுவலகங்களில் பேச்சு அடிபட்ட நேரத்தில், அவர் படுத்துவிட்டார். அப்போதும் மாசி. கட்டிலை ஜன்னல் ஓரம் போட்டிருந்தார்கள். காலையில் நான் போனபோது கண்ணை மூடியபடியே கேட்டார்:

"சார், வெளில எப்பிடி இருக்குது?"

"நல்ல வெயில் மாமா. வேம்பெல்லாம் துளிர்த்தாச்சு."

"எழுதிடாதீங்க" என்றார். "சாயங்காலம் வரிக்கும் பொறுங்க."

மனைவி பக்கத்தில் நின்றாள். ஏதோ பிதற்றுகிறார் என்று அழுதாள். இரண்டு நாள் கழித்துப் போய்விட்டார். மழை வரவில்லை. அதே ஆண்டு பழைய கோப்புகளை அழிக்க ஒரு குழு போட்டார்கள். அதில் நானும் இருந்தேன். அந்தப் பத்துப் பேர் மனு எல்.டிஸ். வகை, ஓராண்டு கழிந்ததும் அழித்திருக்க வேண்டியது. சோம்பலால் தப்பிப் பிழைத்திருந்தது. மழைப் பதிவேடும் கட்டில் இருந்தது. என் பூஜ்யங்கள் மங்கவே இல்லை. மனுவை விதிப்படி அழிக்கும் கட்டில் போட்டேன். பதிவேட்டை விதிப்படி நிரந்தரமாக வைக்கும் அலமாரிக்கு அனுப்பினேன். எது நிற்க வேண்டும், எது எரிய வேண்டும் என்பதில் அரசு விதிகள் மிகத் தெளிவானவை.

போன வாரம் இங்கே மேகம் போட்டது. கைபேசி மழை இல்லை என்றது. பிற்பகல் மாடிக்குப் போனேன். மலை பாதிதான் தெரிந்தது. தூக்கிலிருந்த காக்கைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, துடைத்து, நடு மாடியில் சமதரையாகப் பார்த்து வைத்தேன். நான்கு மணிக்குப் பெய்தது, முக்கால் மணி நேரம். விட்டதும் பள்ளிக்கூட அடிக்கோலை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். இருபத்தொரு மில்லிமீட்டர். பிறகு, இத்தனை ஆண்டுகளில் முதல்முறையாக, கோலைக் கீறல் வரை உயர்த்தினேன். நாற்பத்திரண்டு. எண் தெரிந்துவிட்டது. எந்தத் தேதிக்கு எதிரே எழுதுவது என்று மட்டும் தெரியவில்லை. சிவப்பு மை கிடைக்கும். சுருக்கொப்பம் இட வேண்டியவர்கள் யாரும் உயிரோடு இல்லை, ஒருத்தியைத் தவிர.

"மாடில இன்னாங்க பண்றீங்க இவ்ளோ நேரம்? தரையெல்லாம் வழுக்கும்" என்று கீழிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"உங்கப்பா தூக்குல ஒரு கீறல் இருக்குதே, அதப் பத்தி ஒண்ணு சொல்லணும். வரேன்" என்றேன்.

தண்ணீரைக் கொட்டவில்லை. கம்பி கட்டிய கைப்பிடியை நம்பாமல் இரு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பன்னிரண்டே படிதான். மூன்றாவது படியிலேயே தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து கீறலைத் தொட்டுத் திரும்பியது. கீழ்பென்னாத்தூரிலிருந்து அவர் அதை நின்றுகொண்டே எடுத்து வந்தார்.